வில்மாவின் காலும் கல்லான பெடலும்

வில்மா ஹாட்ரிலுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் எங்கள் மலையூரான நிம்மிடபெல்லைச் சுற்றியுள்ள ஆட்டுப்பண்ணைகளுக்குத் தன் பிக்கப் வண்டியில் தபால் கொண்டுபோகிறவர். அதற்கு முன்னால் கம்பளி வெட்டும் கொட்டகைகளில் சமைத்துப்போட்டார். கத்தரிக்கும் ஆட்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர் குரல்தான் மேலே கேட்கும். கணவர் இறந்ததும் அவர் செய்துவந்த தபால் ஓட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டார். பனியானாலும் வெள்ளமானாலும் ஒரு பண்ணையைக்கூட விட்டதில்லை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

போன ஜூலையில், எங்கள் ஊரின் கடுங்குளிர் மாதத்தில், அந்த ஓட்டம் நின்றுபோகப் பார்த்தது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த ஒரு காலையில் வண்டியை எடுத்து வாசல் கேட்டுக்கு வந்தவர் பிரேக்கை மிதித்தார். பெடல் இறங்கவில்லை. வண்டி நிதானமாகச் சாலையைக் கடந்து, எதிர்ப்பண்ணை லாக்லன் பெட்டிஃபரின் தபால் பெட்டி மேல் ஏறி நின்றது. மதியத்துக்குள் பேக்கரியில் எல்லாருக்கும் அதுதான் பேச்சு. “தபால்காரியே தபால் பெட்டிய நசுக்கிட்டா! இனிமே லாக்லன் லெட்டர எங்க போய் வாங்குவான்?”

மகள் கெரினுக்குச் சிரிப்பு வரவில்லை. “வலது முட்டிய மாத்துனதுலேருந்து உன் கால்ல பலமே இல்லம்மா. இதே பிரவுன் மலை இறக்கத்துல ஆகியிருந்தா?”

“என் காலுக்கு ஒண்ணும் இல்ல. பெடல்தான் கல்லு மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டுனதும் தானா சரியாயிடுச்சுன்னும் நீதானே சொல்ற? எந்தப் பெடலாவது அப்படிப் பண்ணுமா? வெஸ் பாக்கட்டும். வண்டில கோளாறு இல்லன்னு அவர் சொல்லிட்டா சாவிய எங்கிட்ட குடுத்துடு.”

வில்மா வீம்புக்காரி. சரி என்று சொல்லிவிட்டார்.

வெஸ் மாடர்ன் எங்கள் ஊர் மெக்கானிக். கெரின் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் அவரிடம் விட்டாள். வெஸ் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் கட்டைகள் தேயவில்லை, எண்ணெய் குறையவில்லை. ஓட்டிப் பார்த்தார், மிதித்த இடத்தில் நின்றது. “காலைல பாரு வெஸ், குளிர்ல பாரு” என்று வில்மா போனில் கத்தினார். வெஸ் வண்டியை ராத்திரி முழுக்க வெளியே நிறுத்திவைத்து, காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “பிரேக் அருமையா இருக்கு வில்மா, சத்தியமா” என்றார்.

“அப்ப இனிமே சாவி எங்கிட்டதான்” என்றாள் கெரின். “நாளைக்கு ஒரு நாள், என் கண்ணால பாத்துடறேன்” என்றார் வில்மா.

மறுநாள் பொழுது விடிந்ததும் இருவரும் கெரினின் காரில் போனார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் வில்மாவின் வண்டி ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளைப் புகை.

“யாரு இத ஸ்டார்ட் பண்ணது?”

“நான்தான்” என்றார் வெஸ். “கண்ணாடி பூரா பனி. நீ வர்றப்ப உள்ள கதகதப்பா இருக்கட்டுமேன்னுதான்.”

எங்கள் ஊரில் அது மரியாதை. குளிர்காலத்தில் முதலில் எழுந்தவர் பக்கத்து வீட்டு வண்டியையும் ஸ்டார்ட் செய்து ஓடவிடுவார். யாரும் சாவியை வண்டியை விட்டு எடுப்பதில்லை. பனி உருகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத ஒரே ஆள் வில்மா. வெதுவெதுப்பான தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிவிட்டு உடனே கிளம்பிவிடுவார்.

“அட கூமுட்டை! நேத்தும் இப்படித்தான் பண்ணியா?”

“ஆமா. ஏன்?”

“என் வண்டிக்குச் சீக்கே குளிருதான். நீ கம்பளியப் போத்தி, குளிர் காய வெச்சுட்டு, எங்க வலிக்குதுன்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்?”

வெஸ் தன் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார். வில்மா எஞ்சினை அணைத்து, சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலை அதே வாசலில் வண்டி பலகைபோல் உறைந்து நின்றது. வில்மா சாவியைக் கொடுத்தார். வெஸ் உள்ளே உட்கார்ந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே பெடலைப் பலமுறை மிதித்து விறைக்கவைத்தார். மிதித்த காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறிஞ்சும் காற்றுதான் பிரேக்குக்குத் துணைபலம். அது வந்து சேர்ந்தால் பெடல் காலடியில் தானாகக் கொஞ்சம் அமுங்கவேண்டும்.

அமுங்கவில்லை.

“கெரின், நீ வந்து மிதி” என்றார் வெஸ், முகம் மாறி.

கெரின் ஒரு காலால் மிதித்தாள். இரண்டு காலாலும் மிதித்தாள்.

“என்ன, உனக்கும் முட்டிய மாத்திட்டாங்களா?” என்றார் வில்மா.

வெஸ் முன்மூடியைத் திறந்து குனிந்தார். எஞ்சின் இரைச்சலுக்குள் ‘உஸ்ஸ்’ என்று மெல்லிய சீறல். துணைபலம் கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாய், எஞ்சினில் சேரும் முனையில் விறைத்துப்போய் வெடித்திருந்தது. வில்மா கெட்டிலைக் கொண்டுவந்து அந்த முனைமேல் வெந்நீரை மெதுவாக ஊற்றினார். ரப்பர் இளகி வெடிப்பு மூடிக்கொண்டது. சீறல் நின்றது.

“அம்மா, அமுங்குது!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் கெரின். “காலுக்குக் கீழ தானா அமுங்குதும்மா!”

எதிரே பேக்கரி வாசலில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வில்மா கெட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

அன்று மதியமே வெஸ் புதுக் குழாய் மாட்டி, ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்றார். வில்மா ஒத்துக்கொள்ளவில்லை. “சூட்டுல எது சரியா இல்ல? பனி விழட்டும்.” இன்னொரு ராத்திரி வண்டி வெளியே நின்றது. விடிந்ததும் அவரே ஏறி, மிதித்து, சாவியைத் திருப்பினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் பெடல் இறங்கியது. ஊருக்கு வெளியே உறைந்த சரிவில் ஏறி, இறங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி இறங்கி நிறுத்திக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் ஹாரன் வேறு.

சேர்ந்துகிடந்த தபால் பைகளைக் கெரினே தூக்கி வண்டியில் ஏற்றினாள். “மெதுவாப் போம்மா” என்றாள்.

“மெதுவாப் போனா லெட்டருக்கு நரைச்சுடும். தள்ளு” என்று சொல்லிவிட்டு வில்மா கிளம்பினார். மலை விளிம்பின் கடைசிப் பண்ணைவரை அன்று யாருக்கும் தபால் தவறவில்லை. ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேட்டுக்குப் போனாராம்.