இடது பக்கம் வந்த காவல்காரன்

இது நடந்து மூணு வருஷம் இருக்கும். ஐப்பசி மாசம். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. அந்த வருஷம் மழை பிடித்த பிடியில் ஏரி நிரம்பி வழிந்தது. கழனியில் முழங்கால் தண்ணீர், இறங்கி வேலை செய்ய வழியில்லை. மாட்டுக்குத் தீனி போட்டு, பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தால் அப்புறம் நாள் பூரா சும்மாதான். செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற என் நாத்தனாருக்கும் மழை லீவு விட்டுவிட்டார்கள். அவளோடு அவளுடைய லேப்டாப்பும் வந்து சேர்ந்தது.

வந்த மறுநாளே பார்க்கிறேன், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் லேப்டாப்பைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஏதோ சினிமா என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையில் துப்பாக்கி. எதிரே வந்த ஒரு தடியனைச் சுட்டதும் அவன் செத்து விழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டு புரண்டு சிரித்தான்.

"இன்னாடி இது, சுட்டா சிரிக்கிறான்?" என்றேன்.

"சிரிப்பு கேஸ் துப்பாக்கி அண்ணி. நாம உளவாளி. இவனுங்க கோட்டைக்குள்ள பூந்து ரகசியத்த எடுத்துக்கினு வரணும்."

"அந்த உளவாளி எங்க? கைதான் கீது?"

"உளவாளியே நாமதான் அண்ணி. உங்க கண்ணுக்கு உங்க மூஞ்சி தெரியுதா இன்னா?"

அந்த பதில் எனக்குப் பிடித்துப்போனது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கதையும் நல்ல கூத்து. உலகத்தில் இருக்கிற எல்லா கடிகாரத்தையும் பத்து நிமிஷம் பின்னால் தள்ளி வைத்துவிட ஒரு வில்லன் திட்டம் போடுகிறான். அதனால் அவனுக்கு என்ன லாபம் என்று யாருக்குமே தெரியாது. அவனிடம் வேலை பார்க்கிற காவல்காரர்களே மூலையில் நின்று அதைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள். பேசுவது இங்கிலீஷ். கீழே எழுத்தாகவும் ஓடும். நாத்தனார் அதைப் படித்து எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுவாள். "மச்சான், பொண்ணு பாக்கப் போவணும், முதலாளி லீவே தரமாட்டறாருடா. பேஜாரா கீது" என்று ஒரு காவல்காரன் புலம்பியதாக அவள் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துத்தான்.

நான் விளையாட உட்கார்ந்த முதல் நாள் ஒரே கூத்து. மவுஸை எப்படி நகர்த்தினாலும் என் உளவாளி ஒன்று வானத்தைப் பார்ப்பாள், இல்லை தன் காலைப் பார்ப்பாள். "வானத்தையே சுட்டுக்கினு கீறீங்களே அண்ணி, காக்கா கூட சிரிச்சுக்கினே வுழப் போவுது" என்று அவள் கிண்டல் செய்தாள். ஆனால் ரெண்டு மூணு நாளில் கை பழகிவிட்டது. எனக்குச் சுடுவதில் பெரிய ஆசை இல்லை. பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இவர்கள் அடுத்து என்ன பேசப் போகிறார்கள் என்று கேட்பதுதான் பிடித்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன, அந்த அலமாரியில் என்ன என்று எல்லாவற்றையும் திறந்து பார்ப்பேன்.

அந்த வாரக் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு வேலை நைட் ஷிஃப்டுக்கு மாறியது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை அவருக்கு. பகலில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாதே என்று நாத்தனார் என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். அதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது.

காவல்காரர்கள் நடந்தால் அவர்கள் பூட்ஸ் கீச் கீச்சென்று சத்தம் போடும். அதைக் கேட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஒளிய வேண்டும். வலது பக்கமிருந்து வருகிறவனை நான் தூரத்திலேயே பிடித்துவிடுவேன். ஆனால் இடது பக்கமிருந்து வருகிறவன் திடீரென்று முளைத்தாற்போல் நின்று என்னைப் பிடித்துவிடுவான். திரும்பத் திரும்ப அப்படியே நடந்தது.

"இன்னா அண்ணி, லெப்ட்ல வர்றவன்கிட்ட மட்டும் மாட்டிக்கறீங்க? அவன் உங்களுக்குச் சொந்தமா?"

"உன் ஹெட்போன் போச்சுடி. இந்தப் பக்கம் சத்தமே வரல."

அவள் வாங்கி மாட்டிக் கேட்டாள். "நல்லாத்தான் அண்ணி கேக்குது, ரெண்டு பக்கமும்."

எனக்கு அதை அப்படியே விட மனசில்லை. ஹெட்போனைத் திருப்பி, இடது பக்கத்தை வலது காதிலும் வலது பக்கத்தை இடது காதிலும் வைத்துக்கொண்டேன். ஹெட்போனில் கோளாறு என்றால் இப்போது வலது காதில்தான் சத்தம் வரக் கூடாது. ஆனால் அந்த இடது பக்கத்துக் காவல்காரன் என் வலது காதில் ஜோராக நடந்து வந்தான். இடது காதில் ஒன்றுமில்லை.

நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "கண்ண மூடுங்க. காதுகிட்ட விரல உரசறேன். கேட்டா கைய தூக்குங்க."

வலது பக்கம் சரசரவென்று கேட்டது. கையைத் தூக்கினேன். அப்புறம் கண்ணை மூடியபடியே காத்திருந்தேன். காத்திருந்தேன். பொறுமை போய், "எப்போ ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு அண்ணி" என்றாள்.

பயம் அப்போது வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஆச்சரியம்தான் வந்தது. என் உடம்பிலேயே எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறதே, எப்போதிலிருந்து, எப்படித் தெரியாமல் போனது? எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். தகரக் கூரையில் மழை அடித்துக் கொட்டுகிறது. வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினேன். கூரையில் தண்ணீர் தெறிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் எங்கோ பக்கத்து ஊரில் பெய்கிற மழை மாதிரி. அதற்கு மேலே ங்ஙீ என்று ஒரு ரீங்காரம். அந்த ரீங்காரத்தை நான் எத்தனையோ மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழைக்காலப் பூச்சி என்று நினைத்திருந்தேன். நாத்தனாரைக் கூப்பிட்டு, "பூச்சி சத்தம் கேக்குதா?" என்றேன். "இந்த மழைல ஏது அண்ணி பூச்சி?" என்றாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போனை எப்போதும் வலது காதில்தான் வைக்கிறேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் அவர் சொல்வது பாதி புரியாது, காற்று என்று விட்டுவிடுவேன். இந்த விளையாட்டு பழக உட்கார்ந்தபோதுகூட, நாத்தனார் இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் "ஆங்? ஆங்?" என்று கேட்டு அவளை இந்தப் பக்கம் மாறி உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

எதிர் வீட்டு அக்கா ஞாபகமும் வந்தது. ஒரு காலத்தில் ரெண்டு பேரும் சேர்ந்துதான் பால் ஊற்றப் போவோம். ஒரு நாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். "சொசைட்டி வாசல்ல நாலு பேரு எதிர்ல கூப்புட கூப்புட காதுலயே வாங்காம போறா, இன்னா திமிரு" என்று ஊரெல்லாம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னை அவர் கூப்பிடவே இல்லை, வீண்பழி போடுகிறார் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. கொட்டகையில் நின்றபடி யோசித்தேன். சொசைட்டி வாசலில் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்?

சாயந்திரம் வீட்டுக்காரர் எழுந்ததும் சொன்னோம். அவர் முதலில் லேப்டாப்பைத்தான் முறைத்தார்.

"அந்த ஹெட்போன மாட்டிக்கினு நாள் பூரா ஆடினா காது இன்னாத்துக்கு ஆவும்? மூடி வை. ரெண்டு சொட்டு எண்ணெ காய்ச்சி வுட்டா சரியா பூடும்."

"அண்ணா, அத மாட்டிக்கினு நாலு நாளுதான் ஆவுது. இவங்களுக்கு எவ்ளோ நாளா கேக்கலன்னே தெரியல. எண்ணெ கிண்ணெ ஒண்ணும் ஊத்தாத" என்று நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் அவ்வளவு குரலை உயர்த்தி அண்ணனிடம் பேசி நான் பார்த்ததில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு விடாமல் அழுத்தினேன். இடது காதுக்குப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? ஒரு காது நல்லா இருந்தா நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது" என்றார் டாக்டர் அம்மா.

வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கீச் கீச் பூட்ஸிலிருந்து விரல் உரசியது வரை முழுசாகக் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் இப்படிக் குறைந்தால் காரணத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் காரணம் தெரிந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்கிற சாதுக் கட்டிதான். ஆனால் வளர விட்டால் முகத்தைக் கோண வைக்கும், நடையைத் தள்ளாட வைக்கும், அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அந்தக் காது திரும்பி வராது.

பயம் அன்றைக்குத்தான் வந்தது. ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் ஏதோ சொன்னார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. "இன்னா சொன்னீங்க?" என்றேன். அவர் எழுந்து வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கம்தான்.

சென்னையில் ஆபரேஷன் ஆனது. நாத்தனார் பரீட்சைக்கு நடுவிலும் வந்து கூட இருந்தாள். முழித்ததும் டாக்டர் என்னைச் சிரிக்கச் சொன்னார். எதற்கு என்று புரியாமலே சிரித்தேன். வாய் ரெண்டு பக்கமும் சரியாகப் போகிறதா என்று பார்க்கத்தானாம். போனது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அப்புறம் கொஞ்ச நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகினேன். கிணற்றில் வாளி விழுந்தால் ஊருக்கே கேட்கும், எனக்கு அது எந்தத் திசை என்று தெரியாது. அதற்கும் பழகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் எதிர் வீட்டு அக்கா வாசலில் நின்றார். கையில் ஒரு தூக்கில் ரசம். என் தலைக்கட்டைப் பார்த்துக்கொண்டே, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கினார்.

"எந்தக் காதும்மா கேக்கும் உனக்கு?" என்றார்.

வலது காதைத் தொட்டுக் காட்டினேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் திட்டத்தான் ஆரம்பித்தார். "ஏண்டி, கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லத் தெரியாதா? ஒரு வருசமா உன்ன நான் கரிச்சுக் கொட்டிக்கினு கீறேன்."

"எனக்கே தெரியாதே அக்கா."

"அதான" என்றார். அப்புறம் அழுதார். நானும் அழுதேன். ரசம் ஆறிப்போய், அவரே எழுந்து போய் அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக் கொடுத்தார்.

நாத்தனார் லீவுக்கு வரும்போது இப்போதும் விளையாடுகிறோம். ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒரே காதில் கேட்கிற மாதிரி மாற்றி வைத்துக் கொடுத்திருக்கிறாள். சத்தம் கேட்கும், திசைதான் தெரியாது. அதனால் நாலடிக்கு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். "அண்ணி, உங்க உளவாளி ரோடு கிராஸ் பண்ற மாரியே போறா" என்று அவளுக்குச் சிரிப்பு.

அன்றைக்கு ஹெட்போன் போச்சு என்று தூக்கிப் போட்டிருந்தால் நான் இன்றைக்கு எப்படி இருந்திருப்பேனோ தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் நான் கூப்பிட்டும் ஒருத்தர் திரும்பாமல் போனால், எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால், இவருக்கு நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்கிற கேள்விதான் வருகிறது.