ஏழாவது அடிக்கு யார் ஆடுவார்?

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் முதலில் போவது காது என்பார்கள். பொய். பொறுமைதான் முதலில் போகும். எனக்கு அது பிறந்த வீட்டிலேயே இருந்ததில்லை என்பதால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை போட இடமில்லை. ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். என் வீட்டுக்காரர், இவர், வான் ஓட்டுவார், வயர் இழுப்பார், மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று தன்னோடு தானே கதைப்பார். மகள் தர்சிகா பாட்டுப் போடுவாள். போன் எடுப்பதும் ஏச்சு வாங்குவதும் என் பங்கு. என்னைப்போல் பெட்டிகளுக்கு நடுவே குடித்தனம் நடத்தும் சகோதரிகள் எங்காவது இருந்தால், இதை வாசித்து ஆறுதல் அடையுங்கள்.

குசினிக்குள் வந்த சத்தம்

டெக்னோ என்றால் உங்களுக்குத் தெரியும். பாட்டுக்காரர் இல்லை, சொல் இல்லை, மெஷின் மட்டும் தும் தும் தும் தும் என்று நாலு நாலாக அடிக்கும். கலியாண வீட்டில் அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம், சனம் தானே ஆடிக்கொண்டிருக்கும். என் மகளுக்கு அந்த நாலு போதவில்லை. லப்டொப்பில் தானே ஒன்றைச் செய்தாள். அது நாலு அடித்து, நொண்டி, மூன்று அடித்து, திரும்பவும் நாலுக்கு வந்தது. எல்லாம் சேர்த்தால் ஏழு. நான் குசினிக்குள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்குக் கத்தி தாளம் பிடிக்கப் போய் விரலை வெட்டிக்கொண்டேன்.

கன்னியர் மடத்தில் பியானோ படித்தவள் நான். நாலு எண்ணத் தவறினால் அடிமட்டத்தால் விரல் மொழியில் அடி விழும். அந்தக் கோபமும் விரல் எரிவும் சேர, அவளைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னேன். மாரி தொடங்குமுன் ஒரே ஓர் ஆளாவது இதற்கு எழும்பி ஆடவேண்டும். இல்லாவிட்டால் வவுனியாவில் என் அண்ணா பார்த்து வைத்திருக்கும் மேசை நாற்காலிக் கந்தோர் வேலைக்கு வாய் திறக்காமல் போகவேண்டும். அவள் சரி என்றாள். கதிரையில் இருந்தபடி தலையாட்டுவது கணக்கில் இல்லை என்றும் சேர்த்தேன். இவர் வயர் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு காலும் நிலத்தை விட்டு எழும்பவேணும் பிள்ளை. பிறகு விழுந்தாலும் பரவாயில்லை, நான் சாட்சி."

டீசலில் காற்று

முதல் பரீட்சை கண்டாவளையில், ஒரு பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டில் நடந்தது. பந்தல் நிறைய வயல்காரர்கள். வாட்டர் பம்பும் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினும் பிள்ளைகளுக்குச் சமம் அவர்களுக்கு. ராத்திரி படுக்கையில் கிடந்தபடியே யாருடைய பம்ப் எந்த வரம்பில் இருமுகிறது என்று சொல்லக்கூடியவர்கள். தர்சிகா தன் ஏழு அடியைப் போட்டாள். ஆடிக்கொண்டிருந்த பெடியன்கள் ஒரு கால் தூக்கியபடி நின்றார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி, வேலிப் பக்கம் நின்ற எங்கள் ஜெனரேற்றரைப் பார்த்தார்கள்.

நான் ஓடிப்போவதற்குள் பெண்பிள்ளையின் தாய்மாமன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்திவிட்டார். ஜெனரேற்றரை நிற்பாட்டி, டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தி, கையால் பம்ப் பண்ணி, நுரை போகும் மட்டும் பார்த்திருந்து, திரும்ப இறுக்கினார். பந்தல் முழுக்க இருட்டு. தர்சிகா வழமையான பாட்டொன்றை எடுத்து வைத்தாள். வெளிச்சம் வந்தது, தும் தும் தும் தும் என்று நாலும் வந்தது, சனம் கைதட்டியது. மாமன் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீசலில காத்துப் பிடிச்சிருந்தது தங்கச்சி. இனி உங்கட பாட்டு நொண்டாது."

கனகராயன்குளத்து மாப்பிள்ளை

இந்த மாப்பிள்ளை போனில் எங்களைப் பிடித்தவர். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது போட வித்தியாசமாக ஒன்று வேண்டும் என்றார். வித்தியாசம் என்ற சொல் காதில் விழுந்ததும் தர்சிகா என் கையிலிருந்து போனைப் பறித்தாள். ஏழு அடி போனில் பறந்து போனது. மாப்பிள்ளை கேட்டார், மெத்தப் பிடித்தது, வீட்டு முற்றத்தில் போட்டு நடந்தும் பார்த்தாராம். நான் கொப்பியில் அவர்களின் திகதியைப் பதிந்துவிட்டு, நடக்கிறதும் ஆடுகிறதும் ஒன்றா என்று மகளோடு வாதாடத் தயாரானேன்.

அந்தக் கிழமை முடியமுன்னமே திரும்பப் போன் எடுத்தார். பெண்ணோடு சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அடி எடுத்துவைக்கத் தொடங்கும்போது இருவருக்கும் வலது கால். ஏழு முடிந்து அடுத்த ஏழு தொடங்கும்போது இடது கால். பெண்ணின் குதியுயர்ந்த செருப்பு அந்த இடத்தில் சேலைக் கரையில் ஏறிவிட்டது. வழமையான பாட்டே போதுமாம். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாய் எடுக்க, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்ரி, எனக்கு இப்பவும் பிடிச்சுத்தான் கிடக்கு. ஆனா கலியாணம் முடியுமட்டும் அவ சொல்லுறதுதானாம், முடிஞ்ச பிறகும் அப்பிடித்தானாம்."

சிஸ்டர் தட்டிய கதிரை

எனக்குப் பியானோ படிப்பித்த சிஸ்டர் இப்போது ஓய்வில். ஆனாலும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஸ்பீக்கர் கேட்க அவாதான் வருவா, அவா கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்பதற்காக. அன்று அறைக்குள் தர்சிகா வேலையாக இருந்தாள். சத்தம் விறாந்தைக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கம். தேத்தண்ணியை வைத்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு தெரியாது சிஸ்டர் என்று தொடங்கினேன். அவா கையை உயர்த்தி என்னை நிற்பாட்டினா. மற்றக் கையின் விரல்கள் கதிரைக் கையில் தட்டிக்கொண்டிருந்தன, நாலும் மூன்றுமாக.

தர்சிகா வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். இருந்தபடி தட்டுவது கணக்கில் இல்லை என்று நான் கண்ணாலேயே சொன்னேன். சிஸ்டர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, எழும்பி, குடையை எடுத்துக்கொண்டு சொன்னா: "பிள்ளை ஏழையும் பிசகாமல் எண்ணுறாள். நீ அந்த நாளில மூண்டுக்குப் பிறகு அஞ்சு எண்ணினனி."

முல்லைத்தீவுக் கரை

மாரி நெருங்கியது. தர்சிகா தையல்காரியிடம் கந்தோருக்குப் போட இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தாள். லப்டொப் மூடியே கிடந்தது. வீடு அமைதியாக இருந்தது, வெங்காயம் ஒழுங்காக வெட்டுப்பட்டது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். சட்டி பானையோடுதான் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பருவத்தின் கடைசி வேலை முல்லைத்தீவில் ஒரு கலியாணம். கடற்றொழில் செய்யும் வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம். பின்னேரம், கடற்கரை மணலில் பந்தல். அங்கே பைலாப் பாட்டும் ஆட்டமும் இல்லாமல் கலியாணம் ஒப்பேறாது. தாய்மார், மாமிமார், பெடியன்கள் எல்லாரும் வரிசை கட்டி, ஆறு அடிக்கு ஆறு அசைவாக ஆடினார்கள். தர்சிகா கேட்டதைக் கேட்டபடி போட்டுக்கொண்டிருந்தாள், கந்தோரில் இருப்பவள் மாதிரி. அந்த முகத்தை எனக்குப் பார்க்க முடியவில்லை. உன்ர அந்தக் கோதாரி ஏழு அடியை ஒருக்காப் போட்டுத் துலையன் என்று காதுக்குள் சீறினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

வரிசை குழம்பியது. ஒருவர் மற்றவரின் காலில் ஏறினார். இரண்டு பேர் ஜெனரேற்றர் பக்கம் திரும்ப, இவர் அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் மாமி, நல்ல பாரமான மனுசி, ஆறு அடி ஆடினா, ஏழாவதில் தடுக்குப்பட்டா. திரும்ப ஆறு, திரும்பத் தடுக்கு. மூன்றாம் தரம் அந்த ஏழாவதுக்கு மணல் பறக்க ஒரு துள்ளுத் துள்ளினா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டு துள்ளினார்கள். பிறகு வரிசை முழுக்க ஆறு ஆடி ஒன்று துள்ளியது. தர்சிகா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். இவர், ரெண்டு காலும் எழும்பியதைத் தான் பார்த்துவிட்டதாக எனக்கு விரல் நீட்டிக் காட்டினார். வவுனியாக் கந்தோருக்கு அண்ணா இனி வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான்.

மாமி நேரே வந்து என் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்தா. முழங்கால் வருத்தம் என்றேன், தாளம் பிழை என்றேன், ஒன்றும் எடுபடவில்லை. போகிற வழியில் மேசையைத் தாண்டும்போது மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனா: "பிள்ளை, உன்ர பாட்டில ஒரு அடி கூடக் கிடக்கு. இருக்கட்டும், எடுத்துப்போடாத, அதுக்கு நாங்கள் துள்ளுறம்."

நாலு எண்ணப் பழக எனக்குக் கன்னியர் மடமும் அடிமட்டமும் தேவைப்பட்டன, ஏழாவதுக்குத் துள்ளப் பழக ஒரு மாமியின் இழுவை போதுமாயிருந்தது, முழங்கால் மட்டும் இன்னும் நாலிலேயே நிற்கிறது.