பீப் சத்தம் வராத மீட்டர்

மாவு மில்லின் இரைச்சலிலேயே தலை நரைத்துப்போன மில்காரருக்கு, வீட்டில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப்போட்டுப் பேசவைப்பதுதான் பொழுதுபோக்கு. மல்டிமீட்டர் ஊமையாகிவிட்டதென்று அதைக் குப்பையில் வீசிவிட்டு, புதிது வாங்க மனைவியோடு கடைக்கு வந்திருந்தார்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்தால் பீப் என்று சத்தம் வர வேண்டும். அறுந்த கம்பியைக் கண்டுபிடிக்க அவருக்கு அந்தச் சத்தம்தான் முக்கியம். முதல் மீட்டரில் சத்தமே இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதையும் தள்ளிவைத்துவிட்டு, "பேருதான் பெரிய கடை, உருப்படியா ஒரு சாமான் இல்ல" என்று எரிந்து விழுந்தார்.

கடைக்காரர் மில்காரரின் மனைவியைப் பார்த்தார். அவள் கணவரின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, உரக்கச் சொன்னாள்.

"மூணுமே நல்லாத்தாங்க கத்துது."

மில்காரர் நான்காவது மீட்டரை எடுத்து, முனைகளைச் சேர்த்து, காதோடு அழுத்திக்கொண்டார். கடைக்குள் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெல்ல அதைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் தூக்கிப் போட்டது?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க" என்றாள் அவள்.