ரோசக்காரிக்கு இங்கிலீஷில் என்ன?

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுச் சட்டத்தில் எங்கள் தோட்டத்து ஆட்களின் வோட்டு போய்விட்டது. வெள்ளைக்காரத் துரைதான் போகவில்லை. அவருக்குத் தமிழும் தெரியும்: வா, போ, வெட்டு, வாயை மூடு. அதற்கு மேல் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார். என் இங்கிலீஷ் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு ஏறியது. துரைக்கு முன்னால் நின்றால் பாதி தானாக இறங்கிவிடும்.

பறித்த கொழுந்தில் முத்தல் இலை கிடந்தால், மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்துக் கொட்டுவார். கொட்டியதைப் பறித்த பெண்ணே குனிந்து பொறுக்க வேண்டும், மற்றவர்கள் வரிசையில் நின்று பார்க்க வேண்டும். அது தோட்டத்து வழக்கம். அன்று நல்ல மழை. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஒருத்தியின் கூடையைச் சேற்றில் கொட்டினார். அவள் குனியவில்லை. வெறுங்கூடையை அவர் காலடியில் வைத்து, “கொட்டுனவங்களே பொறுக்குங்க” என்று சொல்லிவிட்டு மலையிலிருந்து இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஆபீஸில் துரையின் விசாரணை, மொழிபெயர்க்க நான். பதிவிலிருந்து பேரை வெட்டினால் வேலையோடு லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும். கைப்பிள்ளைக்காரி அவள், புருஷன் இல்லை, போவதற்கு வேறு இடமும் இல்லை.

“தெமிரு புடிச்சவ, தொரை! மத்தப் பொம்பளைங்களையும் கெடுத்துருவா” என்றார் கணக்கப்பிள்ளை.

“தெமிரு இல்லீங்க.” அவள் என்னைப் பார்த்தாள். “நான் ரோசக்காரி. அப்புடியே சொல்லுங்க, கிளாக்கரய்யா.”

அதற்கு என்ன அர்த்தம் என்று துரை என்னைக் கேட்டார்.

மனசுக்குள் வார்த்தைகளைப் புரட்டினேன். ‘ப்ரவுட்’ என்றால் கணக்கப்பிள்ளை சொன்னதேதான் துரை காதில் விழும், பேரை வெட்டிவிடுவார். ‘சென்சிடிவ்’ என்றால் மருந்து வாங்க டிஸ்பென்சரிக்கு அனுப்புவார். ‘ஹானர்’ என்று ஒன்று படித்திருந்தேன். அது குதிரையில் வரும் பிரபுக்களுக்குத் தைத்த சட்டை, கொழுந்துக்கூடைக்காரிக்கு மாட்டினால் துரை சிரித்துவிடுவார்.

“என்னா கிளாக்கரு, வாயில கொழுக்கட்டையா? தெமிருன்னு சொல்லிப்புட்டுப் போங்க” என்று கணக்கப்பிள்ளை இளித்தார்.

அந்த இளிப்புதான் எனக்குள் எதையோ கிளப்பிவிட்டது. அதுவரை எனக்கு ரோசம் இருப்பதாக என் வீட்டிலேயே யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஒன்று ஞாபகம் வந்தது: முந்தின மாதம் கொழும்பிலிருந்து வந்த கம்பெனி ஏஜென்ட் துரை, ஃபேக்டரியில் எங்கள் எல்லோர் முன்னாலும் எங்கள் துரையைத் திட்டித் தீர்த்தார். இவர் தொப்பியை மாட்டிக்கொண்டு பங்களாவுக்கு நடந்துவிட்டார். ஏஜென்ட் துரைதான் சமாதானப்படுத்த மழையில் பின்னாலேயே போனார். பார்த்தவர்கள் யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“சார்” என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். “ஃபேக்டரியில் அன்று தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தீர்களே, அதுதான் ரோசம். அது உள்ளவள் ரோசக்காரி.”

பெரிய கிளாக்கரின் டைப்ரைட்டர் நின்றது. துரையின் காது மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. நான் மனசுக்குள் பெட்டியைக் கட்டி, பஸ் பிடித்து, நானுஓயா ஸ்டேஷன் வரை போய்விட்டேன்.

துரை தன் சொந்தத் தமிழுக்கு வந்தார். அவளைப் பார்த்து, “போ. வேலைக்குப் போ.” கணக்கப்பிள்ளை பக்கம் விரலை நீட்டி, “கூடை கொட்டு வேணாம்.” என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு மொழிபெயர்க்க என்னை அவர் கூப்பிட்டதும் இல்லை.

வெளியே அவள் நின்றிருந்தாள். ஒரு கும்பிடாவது கிடைக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

“தொரைகிட்ட என்னா சொன்னீங்க?”

பெருமையாகச் சொன்னேன்.

“அவரு மாதிரின்னா சொன்னீங்க?” முகம் கடுகடுத்தது. “கோவிச்சுக்கிட்டுப் போக அவருக்குப் பங்களா இருக்கு. நான் காம்பராவையே பணயமா வச்சுல்ல நின்னேன்! அவரையும் என்னையும் ஒண்ணாச் சேக்காதீங்க.”

கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டாள். நிமிர்த்திய நெஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆபீஸுக்குள் போனேன்.

அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தேடுவதையும் நிறுத்திவிட்டேன். நாம் எத்தனை இங்கிலீஷ் வார்த்தையை மனப்பாடம் செய்து அடி வாங்கியிருக்கிறோம்! இந்த ஒன்றை அவர்கள் தமிழிலேயே படித்துக்கொள்ளட்டும்.