கருப்புப் பொடியும் என் கையெழுத்தும்

2007-ம் ஆண்டு சித்திரை மாதம். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். செல்போனில் இருக்கும் லித்தியம் பேட்டரி இன்னும் அதிக நேரம் தாங்க வேண்டும். அதற்காக, மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடைக் கரியோடு சேர்த்து எதிர்மின்முனையாக வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. இரும்பு நைட்ரேட்டைக் கரைத்து, கரித்தூள் கலந்து, உலர்த்தி, உலையில் சுட வேண்டும். எப்போதும் ஒரு சிட்டிகைதான் செய்வேன். அன்று கருத்தரங்கு அவசரத்தில் ஒரு கிண்ணம் நிறையச் செய்துவிட்டேன்.

காய்ந்த பொடி கிண்ணத்தில் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. உலர்த்தும் பெட்டியிலிருந்து சூட்டோடு எடுத்து, இரும்புக் கரண்டியால் சுரண்டினேன். ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் பெண் அப்போதுதான் உள்ளே வந்தாள். வெம்பக்கோட்டைக்காரி. பட்டாசு கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த தங்கை விபத்தில் இறந்த பிறகு, அந்த வேலையே வேண்டாம் என்று இங்கே வந்தவள்.

"அக்கா, அதுல என்ன கிடக்கு?"

"ஒரு உப்பு. கூடக் கரித்தூள்."

"சுரண்டாதீகக்கா. வெடியுப்பும் கரியும் காஞ்சு கிடந்தா எங்க கம்பெனியில இரும்பு வச்சுத் தொடவே விட மாட்டாக."

"இது பேட்டரிக்கு. பட்டாசுக்கு இல்ல" என்று சிரித்துவிட்டு, வெடியுப்பும் ஒரு நைட்ரேட்தான் என்பதை யோசிக்காமல் மறுபடி சுரண்டினேன்.

கிண்ணத்தின் ஓரத்தில் பொறி கிளம்பியது. பக்கத்திலேயே ஸ்பிரிட் பாட்டில்கள். அவள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு, கிண்ணத்தைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட ஓடினாள். போடுவதற்குள் கையிலேயே பற்றிக்கொண்டது.

என் புருவம் மட்டும் பொசுங்கியது. அவளுடைய வலது கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில், "ஒங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகலேல்ல?" என்றுதான் கேட்டாள்.

மறுநாள் என் வழிகாட்டி ஒரு தாளை நீட்டினார். துப்புரவுப் பெண் அனுமதியில்லாமல் ரசாயனத்தைத் தொட்டதால் விபத்து நேர்ந்தது என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போட்டிரும்மா. இல்லேன்னா உன் ஆராய்ச்சி நின்னுபோகும்" என்றார். போட்டேன். அவளுக்கு வேலை போயிற்று.

மூன்று மாதம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போகத் துணிந்தேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மடக்க முடியாமல் இருந்தன. அந்தக் கையோடு மறுபடி பட்டாசு கம்பெனிக்கே போய் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். "உள்ள வாங்கக்கா" என்று பாயை விரித்தாள். நான் கையெழுத்துப் போட்டதை அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியும்க்கா. கட்டுப் போட்டுக் கிடந்தப்பவே காலேஜுக்காரக வந்து அந்தத் தாளைப் படிச்சுக் காட்டி, எடது கையில ரேகை வாங்கிட்டுப் போனாக."

பிறகு கல்லூரிக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். யாரும் பதில் தரவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. எல்லாம் தெரிந்திருந்தும் என்னை அவள் உள்ளே கூப்பிட்டாளே, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.