பாலு சொன்னான்

கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில், நிலமில்லாத வீட்டில் பிறந்தவள் அன்புச்செல்வி. அம்மா களையெடுத்த கூலியில் படித்து, மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு வரைக்கும் வந்துவிட்டாள். ஆரணி நெசவுக் குடும்பங்கள் சில வீட்டுக்குள் பேசும் சௌராஷ்டிர மொழிதான் அவளுடைய ஆய்வு. அதிலும் ஒரு சின்ன மூலை. 'நான் ஜெயிச்சேன்னு முருகன் சொன்னான்' என்றால் ஜெயித்தது முருகனா, அதை நம்மிடம் சொல்கிறவரா? தமிழில் இரண்டும் பொருந்தும். சௌராஷ்டிரத்தில் அந்த 'நான்' யார் என்பதுதான் அவள் கேள்வி.

"இதுக்கு இன்னா வேலைம்மா குடுப்பாங்க?" என்று ஊரில் கேட்பார்கள். அவளுக்கும் தெரியாது. உதவித்தொகை நின்றுவிட்டது, இந்த அத்தியாயம் முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்பது மட்டும் தெரியும்.

கீதாவும் அவள் கணவர் ராமதாஸும் அப்படியொரு வீட்டுத் தறிக்காரர்கள். கீதாவுக்கு நல்ல குரல், பொறுமைசாலி. அன்புச்செல்வி தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால், தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே அதைத் தன் மொழியில் சொல்லிவிடுவாள். போன் பதிவு செய்துகொண்டிருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அன்புச்செல்வி அடுத்த வாக்கியத்தைப் படித்தாள்: "வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்துடுவேன்னு பாலு சொன்னான்."

கீதாவின் கை நின்றது.

"எங்க வச்சு சொன்னான்?"

மொழி சொல்லித்தந்து உதவுகிறவர்கள் இப்படிக் கேட்பது வழக்கம்தான். யார், எங்கே என்று தெரியாமல் சிலருக்கு வாக்கியம் வாயில் வராது. அன்புச்செல்வி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாயில் வந்ததைச் சொன்னாள். "செய்யார்லக்கா. கம்பெனி வாசல்ல."

"யாருகிட்ட?"

"என்கிட்டதான்."

கீதா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து, "மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றாள். முகம் கழுவியிருந்தாள்.

மறுநாள் காலை ராமதாஸ் போன் செய்தார். "கீதாவ காணோங்க. பாலு வர்றான்னு நேத்துலேர்ந்து சொல்லிகினே இருந்தா. நீங்க அவனப் பாத்தீங்களாமே?"

"எந்த பாலுங்க?"

"எம் புள்ளங்க. எங்கூட சண்ட போட்டுகினு போனவன். ரெண்டு வருசமாச்சு."

பாலு என்கிற பெயர் அன்புச்செல்வி அவளாகப் போட்டது. சின்னதாக, எல்லோர் வாயிலும் வருகிற பெயராக இருக்கட்டும் என்று போட்டது. இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை உண்டா என்று, இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை.

அவளும் ராமதாஸும் செய்யார் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் ராமதாஸ் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தொழிற்பேட்டையில் ஒவ்வொரு வாசலாக அலைந்து, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்தான் கீதாவைக் கண்டார்கள். வெளியே வரும் பையன்களை ஒவ்வொருவராக நிறுத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"அக்கா, பாலு எதுவும் சொல்லலக்கா. நான்தான் சொன்னேன். அது சும்மா ஒரு வாக்கியம்."

"உங்கிட்டதான் சொன்னான்னு நீதான சொன்ன?"

"நானா கட்டிச் சொன்னதுக்கா அது. நான் அவனப் பாத்ததே இல்ல."

கீதா அவளையே பார்த்தாள். கோபமில்லை. யோசிக்கிற முகம்தான். "உங்கிட்ட சொல்லலன்னா," என்று மெதுவாகக் கேட்டாள், "வேற யாருகிட்ட சொன்னான்?"

ராமதாஸ் மனைவியின் கையைப் பிடித்து, தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். இத்தனை நாள் படித்தும், அந்த நேரத்தில் அதில் ஒரு சொல்கூட அன்புச்செல்விக்குப் பிடிபடவில்லை. அடுத்த கம்பெனி பஸ் வந்து நின்றது. கீதா கையை விடுவித்துக்கொண்டு அதை நோக்கி ஓடினாள்.

இருட்டின பிறகுதான் அவளை ஊருக்கு அழைத்துவர முடிந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கீதா மகனைக் கூட்டிவரச் செய்யாருக்குப் போனாள். தடுத்துப் பார்த்த ராமதாஸ், பிறகு தறியை நிறுத்திவிட்டு அவளோடு போகத் தொடங்கினார். அன்புச்செல்வி மகனின் போட்டோவைத் தன் போனில் வாங்கிக்கொண்டு, ஆள் எடுக்கும் காண்டிராக்டர்களிடம் காட்டிக்கொண்டு திரிந்தாள். யாருக்கும் தெரியவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர், "பேரை மாத்தி வேற ஆள்கிட்ட கேளும்மா, ஒரு நாள் வேலை" என்றார். அவள் வேறொரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். போனை எதிரில் வைத்தாள். 'சொன்னான்' என்ற சொல் வரைக்கும் வாய் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

கொடுக்க வேண்டிய கெடு முடிந்தது. நீட்டிப்புக் கேட்டாள், கிடைக்கவில்லை. அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேட்டை ஏற்க முடியாது என்றார்கள். கண்ணமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன ஆச்சு என்று அம்மா கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

லீவு நாட்களில் ஆரணிக்குப் போவாள். ராமதாஸ் உள்ளே வரச்சொல்வார். அவள் வாசலில் செருப்பை விடும்போது உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். அவள் தலை தெரிந்ததும் கீதா தமிழுக்கு மாறிவிடுவாள். "வாம்மா, சாப்டியா?" என்பாள். அதற்குமேல் அவளிடம் எதுவும் பேசுவதில்லை.