நான் செய்த கடைசி மொழிபெயர்ப்பு

பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. என் மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றும், அது ஈரலுக்குப் பரவிவிட்டது என்றும், சில மாதங்களே எஞ்சியுள்ளன என்றும் மருத்துவர் ஆங்கிலத்தில் கூறினார். அதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். யூன், வெள்ளிக்கிழமை, காலை. அவள் இறந்தாள்.

மேற்கண்ட பதிவில் ஒரு வாக்கியம் பொய். “குடலிலை புண்ணாம். மருந்து எடுத்தால் ஆறிவிடுமாம்” என்றே நான் சொன்னேன். அகதி விசாரணைகளில் இருபது ஆண்டுகள் மொழிபெயர்த்தவன் நான். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வேன் என்று ஒவ்வொரு விசாரணைக்கும் உறுதிமொழி எடுத்தவன். மருத்துவமனை வேறொரு மொழிபெயர்ப்பாளரைத் தர முன்வந்தபோது அந்தத் தகுதியைச் சொல்லித்தான் மறுத்தேன். அவள் மருத்துவரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னுடையதை.

“அந்தாள் இவ்வளவு நேரம் கதைச்சுது. நீங்கள் ரெண்டு வரியிலை முடிச்சிட்டியள்.”

“இங்கிலிஷ்காரர் சுத்தி வளைச்சுத்தான் கதைப்பினம்.”

சிரித்தாள்.

நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லாதிருப்பது நம்மவர் வழக்கம். அதை அன்பு என்றே நானும் கொண்டேன். ஒன்ராறியோவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான்கு மாதங்கள் மிகுந்த மரியாதையோடு நடித்தோம். தை மாதம் ஊருக்குப் போவோமா என்று அவள் கேட்பாள். நான் கணினியைத் திறந்து விமானச் சீட்டு விலை பார்ப்பேன். பிற்பகல்களில், “நீங்கள் நடந்திட்டு வாங்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளை வரும்” என்று என்னை அனுப்பிவிடுவாள். அந்தப் பிள்ளை கல்முனையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். வீண்பேச்சுத் துணை என்று எண்ணினேன்.

உறவினர் ஒருவர் மூலம் சாம்பலை ஊரில் கீரிமலைக் கடலில் கரைக்க அனுப்பி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பாத்திரத்தில் கஞ்சியோடு வந்தார்.

“கோவிக்க வேணாம் அங்கிள். காரியமெல்லாம் முடியட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லல்ல. அவங்களுக்கு டொக்டர் சொன்ன அண்டைக்கே விளங்கிட்டு. பயமா இருக்கு எண்டு என்ட மடியில படுத்து அழுவாங்க. ‘இவருக்குச் சொல்லிப்போடாதையும் பிள்ளை, மனுசன் கஷ்டப்பட்டு நடிக்குது’ எண்டாங்க. சாம்பல இங்கதான் கரைக்கணுமாம். நீங்க ரெண்டு பேரும் போய் இருக்கிற வாவிக்கரையிலயாம்.”

நன்றி சொல்லவேண்டிய இடம். எனக்குப் பொறாமை வந்தது. என் மனைவியை வழியனுப்பியவர் அவர். நானோ இல்லாத குடற்புண் ஒன்றுக்கு நான்கு மாதங்கள் குறைவின்றிப் பணிவிடை செய்தேன்.

செய்யப்படாதவை:

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தல், நன்றி சொல்லுதல்.

சாம்பலை ஒன்ராறியோ வாவியில் கரைத்தல். இனி இயலாது.

பயமாக இருக்கிறதா என்று அவளிடம் கேட்டல்.